அக்கா எழுதிய 23 காரணங்கள்

சென்ற இதழில் மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய், அதில் பரவலான வகைக்கு ஏ.எல்.எஸ். என்று பெயர்) பற்றி ஒரு வாசகருக்கு நாலே வரியில் பதில் சொல்லி, "பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை" என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். "தெரியவில்லை என்று சொல்வதற்கு டாக்டர் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கோபம். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நரம்பியல் மருத்துவன். என் அக்கா இந்த நோயில்தான் போனாள். பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை என்று 61 வயதில் என்னிடம் வந்து கையை நீட்டினாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்கவேண்டிய சதை குழி விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டும் "கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கும்" என்றேன். தம்பியின் கண் பார்த்தது, டாக்டரின் கண் மூடிக்கொண்டது. ஐந்து மாதம் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள், பாவம்.

நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் காரணங்களை எழுத ஆரம்பித்தாள். வலது கை போனபின் இடது கையால் எழுதினாள். மொத்தம் 23. கீழே வரும் பதில்களில் அந்த நோட்டு அடிக்கடி தலைகாட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு ஏ.எல்.எஸ். வந்து 59 வயதில் இறந்தார். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, கடைசிக் காலத்தில் "புத்தி மாறிப்போய்" இறந்ததாகச் சொல்வார்கள். அவருக்குக் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்ததாம். எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள். இது பரம்பரை நோயா? நான் மரபணு டெஸ்ட் எடுக்கவேண்டுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

அத்தையைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

பொதுவான கணக்கு இது. இந்த நோய் வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் அதே குடும்பத்தில் இன்னொருவருக்கும் வந்திருக்கும். மற்றவர்களுக்கு அது எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பவர்களின் ரத்தத்தைச் சோதித்தாலும் சிலருக்கு மரபணுப் பிழை கிடைக்கத்தான் செய்கிறது. குடும்பம் சிறியதாக இருந்திருக்கலாம். பிழையைச் சுமந்த தாத்தா நோய் வரும் வயதுக்கு முன்பே வேறு எதிலோ போயிருக்கலாம். பிழை இருந்தும் நோயே வராமல் 85 வயது வரை ஒருவர் வாழ்ந்திருக்கலாம்.

முதலில் பிடிபட்ட மரபணு எஸ்.ஓ.டி.1, 1993-ல். அதில் மட்டும் இருநூறுக்கு நெருக்கமான வகைப் பிழைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஏ4வி என்ற பிழை ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஆளை முடித்துவிடும். ஸ்காண்டிநேவியாவில் காணப்படும் டி90ஏ, அம்மா வழி ஒன்று அப்பா வழி ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்தால்தான் பெரும்பாலும் நோயாகும். அப்போதும் மெதுவாகத்தான் நகரும். 2008-ல் டி.டி.பி.-43 புரதத்துக்கான மரபணு, 2009-ல் எஃப்.யூ.எஸ்., 2011-ல் சி9ஆர்ஃப்72 என்று பட்டியல் நீண்டது.

உங்கள் கடிதம் என் மனதில் எழுப்பியது கடைசியாகச் சொன்ன அந்த சி9-ஐத்தான். மரபணு என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட புத்தகம். அதில் ஓர் இடத்தில் ஆறெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு இருபது தடவைக்குள் நின்றுவிடும். சில குடும்பங்களில் நூற்றுக்கணக்கில், ஆயிரத்தைத் தாண்டியும் ஓடும். அச்சுக்கோப்பவர் தூங்கி விழுந்து ஒரே சொல்லைப் பக்கம் பக்கமாகக் கோத்துவைத்த மாதிரி. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரம்பரையாக வரும் ஏ.எல்.எஸ்.-ஸில் ஐந்தில் இரண்டு பங்குக்கு இதுதான் காரணம். ஆசியர்களிடம் குறைவு.

இதன் விசித்திரம், ஒரே பிழை ஒரே வீட்டில் இரண்டு முகம் காட்டும். தம்பிக்குக் கை கால் சூம்பும். அக்காவுக்குச் சதையெல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் மூளையின் முன்பகுதி தேயும். கூச்சம் போகும், பேச்சு குறையும், தேவையில்லாத பொருளாக வாங்கிக் குவிப்பார்கள், யார் அழுதாலும் கல்லாக நிற்பார்கள். ஞாபகமறதி இல்லாததால் யாரும் டிமென்ஷியா என்று நினைப்பதில்லை. "புத்தி மாறிவிட்டது" என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் அத்தைக்கு இதுதான் என்று நான் சொல்லவரவில்லை. விசாரிக்கவேண்டிய விஷயம் என்கிறேன்.

டெஸ்டுக்கு முன்னால் ஒரு பெரிய தாளை எடுத்து வம்ச வரைபடம் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒவ்வொருவரும் எந்த வயதில், எப்படி இறந்தார்கள் என்று வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். "மோட்டார் நியூரான்" என்ற பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். "வாதம்" என்பார்கள். "தொண்டையில் ஏதோ, சோறு இறங்கவில்லை" என்பார்கள். "நாக்கு குழறிற்று, குடிகாரன் என்று நினைத்தோம்" என்பார்கள். அந்தச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். எனக்கு வந்த இப்படி ஒரு தாளில் ஓரமாக, "சித்தப்பா சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பார்" என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு வழிகாட்டியது அந்த வரிதான்.

டெஸ்டை நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அப்பாவின் ரத்த மாதிரியோ டி.என்.ஏ.-வோ எங்காவது சேமிப்பில் இருக்கிறதா என்று அவருக்குச் சிகிச்சை தந்த இடத்தில் கேளுங்கள். அவருக்குப் பிழை இருந்தது என்று தெரிந்தால் உங்களுக்கு அது வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. எந்த வயதில், எந்த முகத்தோடு வரும் என்றும் டெஸ்ட் சொல்லாது. சி9-க்கு நோயைத் தடுக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. அதனால்தான் நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு மரபணு ஆலோசகரிடம் பேசவைக்காமல் ரத்தம் எடுக்கக்கூடாது என்கிறோம். முடிவு "உண்டு" என்று வந்தால் மறுநாள் காலையில் என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் டெஸ்டுக்குப் போகலாம். பேனா நகராவிட்டால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. குழந்தைகளுக்கு இப்போது எடுக்கவே வேண்டாம். அது அவர்கள் வளர்ந்து அவர்களே தீர்மானிக்கவேண்டியது.

நோய் வந்தவர்களின் விஷயம் வேறு. எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்களுக்காக டோஃபர்சன் என்ற மருந்தை அமெரிக்கா 2023 ஏப்ரலில் அனுமதித்தது. முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போடுவது. பிழையான புரதம் தயாராவதற்கு முன்பே அதன் உத்தரவுச் சீட்டைக் கிழித்துப்போடும். மொத்த நோயாளிகளில் சுமார் 2 சதவீதத்தினருக்குத்தான் பயன். ஆனாலும் மரபணுவின் பெயர் தெரிந்து அதற்கென்றே செய்த மருந்து இது. அதனால், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் மரபணு டெஸ்ட் பற்றி அவசியம் டாக்டரிடம் கேட்கவேண்டும்.

கேள்வி: என் கணவர் 22 வருஷம் பூச்சிமருந்து அடிக்கும் வேலை பார்த்தார். முகமூடி, கையுறை எதுவும் போட்டதில்லை. நானும் வற்புறுத்தியதில்லை. இப்போது நோயாகப் படுத்திருக்கிறார். மருந்துதான் காரணமா? நான் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாரா?
(ஒரு வாசகி)

அம்மா, அக்காவின் நோட்டைப் பிரிக்கிறேன். முதல் வரி: "12 வயதில் மரத்திலிருந்து விழுந்தது." நாலாவது: "வீட்டுக்குப் பக்கத்துப் பெயின்ட் பட்டறை." ஒன்பதாவது: "பல் வேர் சிகிச்சை." பதினாறாவது: "அவர் சிகரெட் புகை." ஒவ்வொரு ஞாயிறும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள், விசாரணைக் கமிஷன் மாதிரி உட்காருவாள். நான் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிப்பேன். சிலவற்றை அடிக்க முடியாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்டு.

பூச்சிமருந்து, பட்டியலிலிருந்து நான் அடிக்க முடியாத ரகம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தொழில்ரீதியாக அதில் புழங்கியவர்களுக்கு ஆபத்து ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று வருகிறது. ஈயம், புகைபிடித்தல் இவற்றுக்கும் தொடர்பு தெரிகிறது. 1991 வளைகுடாப் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2003-ல் ஆய்வுகள் வந்தன. 2008-ல் அந்த நாட்டு அரசு, ராணுவத்தில் இருந்த யாருக்கு ஏ.எல்.எஸ். வந்தாலும் அதைப் பணியால் வந்த நோயாகவே கருதுவது என்று முடிவு செய்தது. எந்த ரசாயனம் என்று இன்றுவரை விரல் நீட்ட முடியவில்லை.

இரண்டு மடங்கு என்றதும் பதறாதீர்கள். ஒரு வருஷத்தில் லட்சம் பேரில் சுமார் 2 பேருக்கு வருகிற நோய் இது. இரண்டு மடங்கென்றால் 4 பேர். அதே மருந்தை அடித்த மற்ற 99,996 பேருக்கு அந்த வருஷம் இது வரவில்லை. அப்படியானால் உங்கள் கணவரிடம் வேறு என்ன இருந்தது என்ற கேள்வி எழும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

குவாம் என்று பசிபிக் கடலில் ஒரு தீவு. 1950-களில் அங்கே பூர்வகுடிகளான சாமோரோ மக்களிடம் இந்த நோய் மற்ற இடங்களைவிட 50 முதல் 100 மடங்கு இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்ததால் எல்லோரும் மரபணு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் சில பத்தாண்டுகளில் எண்ணிக்கை தானாகச் சரிந்தது. மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது. வெளியிலிருந்து அந்தத் தீவில் குடியேறிய பிலிப்பைன்ஸ்காரர்கள் சிலருக்கும் பல ஆண்டு கழித்து வந்தது. சந்தேகம் சைகஸ் மரத்தின் விதை மீது விழுந்தது. அதை ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, மாவாக்கிச் சாப்பிடுவார்கள். அதிலுள்ள பி.எம்.ஏ.ஏ. என்ற நச்சுதான் குற்றவாளி என்றார்கள். மாவில் அந்த நச்சு அவ்வளவு இல்லையே என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த விதையைத் தின்னும் பழந்தின்னி வௌவாலைச் சாப்பிட்டதால் சேர்ந்தது என்று இன்னொரு கட்சி கிளம்பியது. வழக்கு இன்னும் முடியவில்லை. மண்ணில் சுண்ணாம்புச்சத்து குறைவு, அலுமினியம் அதிகம் என்று சொன்னவர்களும் உண்டு.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மோன்ஷவாங் என்ற குக்கிராமம். அந்தச் சின்ன இடத்தில் 14 பேருக்கு வந்தது. தண்ணீர், மண், காற்று என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். கடைசியில் 2021-ல் வந்த ஆய்வு காட்டிற்று: அவர்கள் ஒரு வகை நச்சுக் காட்டுக்காளானை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள். அதன் நச்சு டி.என்.ஏ.-வைப் பழுதாக்கக்கூடியது. நிரூபணம் என்று சொல்லமாட்டேன், வலுவான சந்தேகம்.

குவாம் எனக்குச் சொல்லித்தந்தது அந்த நீண்ட இடைவெளியைத்தான். எது பட்டதோ அது பட்ட பிறகு பல ஆண்டு உடம்பு ஒன்றுமே காட்டுவதில்லை. 2014-ல் வந்த ஓர் ஆய்வு, வயதுவாரியாக நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டு, நோய் வெளிப்பட ஆறு படிகள் தாண்டவேண்டும் என்றது. புற்றுநோய்க்குப் போடுகிற அதே மாதிரிக் கணக்கு. 2018-ல் மரபணுப் பிழை உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். எஸ்.ஓ.டி.1 இருந்தால் இரண்டே படி, சி9 இருந்தால் மூன்று. மிச்சப் படிகளைப் பிறக்கும்போதே ஏறிவிட்டார்கள். அந்த மற்ற படிகள் எவை என்று பெயர் எழுதி ஒட்டவில்லை. ஒன்று பூச்சிமருந்தாக இருக்கலாம், ஒன்று வெறும் வயதாக இருக்கலாம், இன்னொன்று செல் பிரியும்போது தற்செயலாக விழுந்த பிழையாக இருக்கலாம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: மருந்து ஒரு படியாக இருந்திருக்கலாம். தனியாக அதுவே காரணமாக இருந்திருக்க முடியாது. கையுறை போடச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார் என்று எந்த நரம்பியல் மருத்துவரும் சத்தியம் செய்யமாட்டார். அக்காவின் பட்டியலில் 23-வது வரி, "தம்பி சொன்னதைக் கேட்டு ஐந்து மாதம் வீணாக்கியது." அதை மட்டும் நான் பார்ப்பதற்கு முன்பே அவளே அடித்து வைத்திருந்தாள்.

கேள்வி: வயது 28. தினமும் 10 கிலோமீட்டர் ஓடுவேன். ஒரு மாதமாகக் கெண்டைக்கால் சதை தானாகத் துடிக்கிறது. இணையத்தில் தேடினேன், தூக்கம் போய்விட்டது. அதிக உடற்பயிற்சியால் இந்த நோய் வருமாமே?

தம்பி, முதலில் தேடுவதை நிறுத்துங்கள். துடிப்பு மட்டும் இருந்து, பலம் குறையாமல், சதை மெலியாமல் இருந்தால் அது அநேகமாகக் களைப்பு, காபி, தூக்கமின்மை, பயம் இவற்றின் கூட்டணி. நுனிக்காலில் பத்தடி, குதிகாலில் பத்தடி நடந்து பாருங்கள். முடிகிறதா? ஒற்றைக்காலில் எம்பிக் குதிக்க முடிகிறதா? முடிந்தால் ஒருமுறை டாக்டரிடம் காட்டி நிம்மதியாகிவிடுங்கள். நடக்கும்போது பாதம் தொங்கினாலோ செருப்பு நழுவினாலோ உடனே போங்கள். எல்லாம் இந்த நோயாகவும் இருக்காது. இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் தேறிவிடுகிற, இதைப்போலவே தோற்றமளிக்கும் நரம்பு நோயும் உண்டு.

விளையாட்டு பற்றிய சந்தேகம் பழையது. 2,130 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடிய பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு 1939-ல் இந்த நோய் என்று தெரிந்தது, 1941-ல் 37 வயதில் இறந்தார். அமெரிக்காவில் நோய்க்கே அவர் பெயர்தான். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். மோட்டார் நியூரான் நோயால் இறந்தவர்கள் மற்றவர்களைவிட நாலு மடங்கு. தலையில் பட்ட அடியா, ஓயாத ஓட்டமா, இயல்பிலேயே அப்படி ஓடக்கூடிய உடம்பு வாய்த்ததா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் நீளத்துக்கு வால் நீட்டியிருக்கிற நரம்பு செல்லுக்கு அத்தனை எரிசக்தி வேண்டும் என்பதால், உழைப்பே அதைத் தேய்க்கிறதோ என்று யோசிக்கிறவர்கள் உண்டு. ஆனால் தொழில்முறை ஆட்டம் வேறு, உங்கள் 10 கிலோமீட்டர் வேறு. ஓட்டத்தால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மையை ஒரு துடிப்புக்காகத் தூக்கி எறிய நான் சொல்லமாட்டேன். ஓடுங்கள்.

கேள்வி: அக்கா மகனுக்கு 17 வயது. கை மெலிகிறது, வாய் குழறுகிறது, காதும் மந்தமாகிவிட்டது. வம்சத்தில் யாருக்கும் கிடையாது. இந்த வயதில் எப்படி?

காது என்று நீங்கள் எழுதியது முக்கியம். வழக்கமான ஏ.எல்.எஸ். காதைத் தொடாது. கண் அசைவையும் அநேகமாக விட்டுவைக்கும். இளம் வயதில் கை கால் மெலிவு, முகமும் நாக்கும் பலவீனம், கூடவே செவிட்டுத்தன்மை என்று சேர்ந்து வருவதற்கு மருத்துவ நூல்களில் "மெட்ராஸ் வகை மோட்டார் நியூரான் நோய்" என்றே பெயர். 1970-ல் அங்கிருந்த மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். மெதுவாக நகரும், பல பத்தாண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. காதோடு வருகிற வேறு சில இளவயது நோய்களுக்கு வைட்டமின் பி2 (ரைபோஃபிளேவின்) அதிக அளவில் கொடுத்தால் பலன் கிடைப்பது உண்டு என்பதால், ரைபோஃபிளேவின் பற்றியும் மரபணுச் சோதனை பற்றியும் நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். இதில் தாமதம் வேண்டாம்.

வம்சத்தில் இல்லாமல் எப்படி என்றால், அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத பிழை குழந்தையிடம் புதிதாகத் தோன்றலாம். எஃப்.யூ.எஸ். மரபணுவில் இளைஞர்களிடம் இப்படி வருவது தெரிந்ததே. யார் வழியில் வந்தது என்று இரு வீட்டாரும் சண்டை போட அவசியமில்லை.

கேள்வி: மன உளைச்சலால் வருமா?

வராது. அக்காவின் பட்டியலில் 2, 7, 11, 20 நான்கும் இதுதான். நான்கையும் அடித்தேன்.

கேள்வி: ஸ்டீபன் ஹாக்கிங் மட்டும் எப்படி அத்தனை வருஷம் இருந்தார்?

1963-ல், 21 வயதில் கண்டுபிடித்தார்கள். 2018-ல் 76 வயதில் இறந்தார். இளம் வயதில் தொடங்குவது பொதுவாக மெதுவாக நகரும், அவரோ அதிலும் விதிவிலக்கு. மூச்சுக்கும் உணவுக்கும் இருபத்துநாலு மணி நேரக் கவனிப்பு கிடைத்ததும் சேர்ந்துகொண்டது. அவரைக் காட்டி நோயாளிக்குத் தைரியம் சொல்கிறவர்கள் அந்தக் கவனிப்பையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கேள்வி: மாமியாருக்கு இந்த நோய். அவர் குடித்த டம்ளரில் குழந்தை குடித்துவிட்டது. ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. தொட்டால், தூக்கினால், எச்சில் பட்டால், எதனாலும் ஒட்டாது. டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், வைக்காதீர்கள். அவர் தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா என்று மட்டும் பாருங்கள். இருமினால் தலையை அண்ணாந்து குடிக்கவிடாமல் மோவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, ஒவ்வொரு வாயாகக் குடிக்கச் சொல்லுங்கள். விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப்போங்கள்.